பத்மஜாவுக்கு எழுதிய விளம்பரம்

ஊருக்கெல்லாம் விளம்பரம் எழுதுகிறவன், கட்டின மனைவிக்கு ஒன்று எழுதினால் என்ன என்று ஒரு வியாழக்கிழமை முடிவு செய்தேன். அன்றே பழவங்காடி பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் உடைத்தேன். தேங்காய் நன்றாகத்தான் உடைந்தது.

என் பெயர் சாம்பசிவன். திருவனந்தபுரத்தில் ஒரு குடைக் கம்பெனியில் மார்க்கெட்டிங் கம்யூனிகேஷன்ஸ் மேனேஜர். இப்படி மழை கொட்டுகிற ஊரில் குடைக்கு எதற்கய்யா விளம்பரம் என்கிறீர்களா? எங்கள் முதலாளியும் அதையேதான் கேட்கிறார். விற்பனை ஏறினால் மழைக்குப் பெயர். இறங்கினால் எனக்கு.

அந்த வாரம் தம்பானூரில், ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர் ஹோட்டல் ஒன்றில் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்த நிபுணர் கோட்டுக்குள் வியர்த்தபடியே சொன்னார்: "பொருளைப் பற்றிப் பேசாதீர்கள். கேட்கிறவரைப் பற்றிப் பேசுங்கள். அவருக்கு எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அங்கே தொடுங்கள்."

மற்றவர்கள் குடையை நினைத்துக்கொண்டார்கள். நான் நாற்காலியை நினைத்துக்கொண்டேன்.

ரிக்ளைனர் நாற்காலி! முதுகு தானாகச் சாயும். கால் தானாக உயரும். உலகம் தானாக மறையும். எதிர் ஃபிளாட் அனூப் வீட்டில் ஒன்று இருக்கிறது. அதில் ஒருதரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் சோபா எனக்கு பஸ் ஸ்டாண்ட் பெஞ்சாகிவிட்டது.

ஆனால் எங்கள் வீட்டில் நிதி, உள்துறை, பாதுகாப்பு எல்லாம் பத்மஜாதான். நான் ஆன்லைனில் என்ன ஆர்டர் போட்டாலும் ஓடிபி அவள் போனுக்குத்தான் போகும். ஆகவே அவள் மனசு வைக்காமல் நாற்காலி வராது.

முதலில் ஆடியன்ஸ் ரிசர்ச்.

"பத்மா, உன் வாழ்க்கையிலே உனக்கு ரொம்ப வலி குடுக்கற விஷயம் எது?"

முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"எதுக்குக் கேக்கறேள்?"

"சும்மாத்தான். மனசு விட்டுச் சொல்லு."

"நீங்கதான்."

"என்னைத் தவிர?"

"உங்களைத் தவிர வேற எதையும் நினைக்க எனக்கு எங்கே நேரம் கிடைச்சுது?"

நிபுணர் சொன்ன வலி கிடைத்துவிட்டது. வழிதான் கிடைக்கவில்லை.

சரி, டீசர் விடலாம் என்று பார்த்தேன். பொருளின் பெயரைச் சொல்லாமல் ஆவலைக் கிளப்புவதுதான் டீசர். சோபாவில் உட்காரும்போதும் எழும்போதும் அடிவயிற்றிலிருந்து முனகினேன்.

"என்ன சத்தம் அது? கதவுக்கு எண்ணெய் போடணுமா?"

"கதவு இல்லேடி. முதுகு. உட்கார ஒரு ஒழுங்கான நாற்காலி இருந்தா..."

"தைலம் இருக்கு. சட்டையைக் கழட்டிட்டுக் குப்புறப் படுங்கோ."

பத்மஜா தைலம் தேய்த்தால் அது வைத்தியம் இல்லை, விசாரணை. எல்லா உண்மையும் வாய்க்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்து உள்ளே தள்ளினேன். அவள் எழுந்து போனபோது எனக்கு நிஜமாகவே முதுகு வலித்தது. விளம்பரத்தில் சொன்னது உண்மையாகிப்போனது என் தொழில் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அடுத்து, வாடிக்கையாளர் வாக்குமூலம். அனூப்பைக் காபிக்குக் கூப்பிட்டேன். சொல்லவேண்டியதை லிஃப்டிலேயே சொல்லிக்கொடுத்திருந்தேன். பாவி, சொந்தமாகப் பேசிவிட்டான்.

"சேச்சி, அந்தக் கசேரயில ஒருவட்டம் இருந்நா மதி. பின்னே எழுந்நேல்க்கான் தோணில்லா!" ஒருதரம் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே தோன்றாதாம்.

"அப்படியா அனூப்?" என்றாள் பத்மஜா, டம்ளரை அவன் கையில் கொடுத்தபடி. "லிபி தனியாவே மார்க்கெட்டுக்கும் பாங்குக்கும் போயிண்டிருக்காளே, எதனாலேன்னு இப்போன்னா புரியறது!"

அனூப் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். பத்மஜா அவன் மனைவி லிபிக்குப் போன் போட்டாள். சாயங்காலம் எதிர் ஃபிளாட்டில் லிபியின் குரல் கேட்டது. மறுநாள் அனூப்பின் நாற்காலி அவர்கள் பால்கனியில் இருந்தது. அதன் மேல் துணி காய்ந்தது. அனூப் இப்போது மாடிப்படியில்தான் இறங்குகிறான். லிஃப்டில் நான் இருப்பேனாம்.

நான் சோர்ந்துபோன நேரத்தில்தான் அந்தத் தொலைபேசிப் பேச்சு காதில் விழுந்தது. பத்மஜா ஹாலில் நின்று அம்பாசமுத்திரத்திலிருக்கும் தன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசினாள். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

"முட்டி இன்னும் வலிக்கறதாம்மா? தரையிலே உட்காராதே. இங்கேயும் சௌகரியமா உட்கார நாற்காலி எங்கே இருக்கு? பின்னே என்ன பண்றது..." குரல் தழுதழுத்தது.

வலி! இதோ வலி! துள்ளி எழுந்தேன், முதுகு பிடித்துக்கொண்டது.

என் மாமியார் பாகீரதி எங்கள் வீட்டு வாசலை மிதித்ததே இல்லை. காரணம் எனக்குத் தெரியாது. நல்ல விஷயங்களுக்குக் காரணம் கேட்பதில்லை என்பது என் கொள்கை. வராதவருக்கு நாற்காலி போடுவதில் என்ன நஷ்டம்? அவர் பெயரைச் சொல்லி வாங்குவது, நான் உட்காருவது. அன்றே கம்ப்யூட்டரில் ஒரு போஸ்டர் செய்தேன். பூ இல்லை, மினுமினுப்பு இல்லை. நான்கே வரி.

"அம்மா,
மகள் வீட்டில் உங்களுக்கு ஓர் இடம் உண்டு.
உங்கள் முட்டிக்காக ஒரு நாற்காலி வருகிறது.
உட்கார நீங்கள் வர வேண்டாமா?"

பத்மஜாவின் போனுக்கு அனுப்பிவிட்டு முகத்தைப் பார்த்தேன். படித்தாள். மறுபடி படித்தாள். புடவைத் தலைப்பு கண்ணுக்குப் போனது.

"நன்னா இருக்குன்னா. ரெண்டே ரெண்டு திருத்தம் சொல்லலாமா?"

"சொல்லு, சொல்லு."

"'மகள் வீட்டில்' வேண்டாம். 'நம் வீட்டில்'னு போடுங்கோ. அடியிலே 'உங்கள் மாப்பிள்ளை சாம்பசிவன்'னு உங்க பேர். அப்போதான் மனசைத் தொடும்."

ஆடியன்ஸே கேட்டுத் திருத்தம் செய்கிறதென்றால் இதைவிட ஒரு விளம்பரக்காரனுக்கு என்ன வேண்டும்? திருத்தி அனுப்பினேன். நாற்காலிக்கு ஆர்டர் போட்டதும் ஓடிபி வந்தது. அவளே எண்ணை வாய்விட்டுப் படித்துச் சொன்னாள்!

ஞாயிற்றுக்கிழமை காலை நாற்காலி வந்தது. "தம்பானூர் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று பத்மஜா கிளம்பினாள். எதற்கென்று கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. நான் சாய்ந்திருந்தேன். கால் உயர்ந்திருந்தது. உலகம் மறைந்துகொண்டிருந்தது.

கீழே ஆட்டோ சத்தம். அப்புறம் லிஃப்ட் சத்தம். கதவு திறந்தது. முதலில் ஒரு டிரங்குப் பெட்டி வந்தது. அப்புறம் ஊறுகாய் ஜாடி. அப்புறம் ஊன்றுகோல். அதற்குப் பின்னால் மாமியார்.

"மாப்பிள்ளே!" பாகீரதி மாமியின் கண்ணில் நிஜமாகவே நீர். கையில் போன். போனில் என் போஸ்டர். "ரயில்லே எல்லாருக்கும் காட்டிண்டே வந்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க உங்க வாயாலே 'வாங்கோ'ன்னு ஒரு வார்த்தை சொல்லலையே, எப்படிப் படியேறறதுன்னு இருந்தேன். இப்போ எழுதியே அனுப்பிட்டேளே!"

குடைக்கு நான் எழுதியதைப் படித்துவிட்டு இதுவரை ஒருவர்கூடக் கடைக்குக் கிளம்பியதாகத் தகவல் இல்லை. இதைப் படித்துவிட்டு ஒருத்தர் முட்டி வலியோடு ரயிலேறி வந்திருக்கிறார். பெருமைப்படுவதா, பெட்டியை எடுத்துக்கொண்டு நானும் ரயிலேறுவதா என்று தெரியவில்லை. எழுந்து இடம் விட்டேன். அது பாசமா பயமா என்று இன்றுவரை பிரித்துப் பார்க்கவில்லை.

சமையலறைக்குள் போய் பத்மஜாவைப் பிடித்தேன்.

"ஏண்டி, அதை நான் உனக்குன்னா அனுப்பினேன்?"

"ஆமா. நான் அம்மாவுக்கு அனுப்பினேன்."

"டிக்கெட் எப்போ எடுத்தே?"

"நீங்க முனக ஆரம்பிச்சேளே, அன்னிக்கே."

"நாற்காலிக்குத்தான்னு அப்போவே தெரியுமா? அப்புறம் எதுக்கு இத்தனை நாள் இழுத்தடிச்சே?"

"அம்மாவை நான் கூப்பிட்டா வரமாட்டா. நீங்க கூப்பிடணும். 'கூப்பிடுங்கோ'ன்னு நான் சொன்னா நீங்க கூப்பிடமாட்டேள். பின்னே எந்தா செய்யறது?" என்று காபியை ஆற்றினாள். "எழுதினது நன்னாத்தான் இருந்தது. படிக்கப்போறது யாருன்னுதான் உங்களுக்குத் தெரியலே."

மாமியார் எத்தனை நாள் இருப்பார் என்று கேட்டேன். முட்டி சரியாகிற வரைக்குமாம். இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் முட்டிக்கு ரொம்ப சுகமாக இருக்கிறதாம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நாற்காலியின் ரிமோட்டைத் தொட மாமியாருக்குப் பயம். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "மாப்பிள்ளே, கொஞ்சம் சாயணும்" என்றதும் அமுக்குவது நான்தான்.