முந்திப் படிக்கும் அப்பா

எங்கள் ஊரில் ஓர் இனம் உண்டு. ஏரிகள் உறைந்து, மற்ற உயிர்களெல்லாம் போர்வைக்குள் ஒடுங்கியிருக்கும் ஜனவரியில் இது மட்டும் புதுத் தெம்போடு வெளியே வரும். பள்ளிக்கூடத்தில் அடுத்த வருடத்துக்கான பாடங்களைத் தேர்ந்தெடுப்பது அந்த மாதத்தில்தான். கல்லூரியில் படிக்க வேண்டிய கணக்கையும் பௌதிகத்தையும் வேதியியலையும் பள்ளியிலேயே படித்துத் தேர்வெழுதி முடித்துவிட இங்கே வழி இருக்கிறது. அந்தப் பாடங்களுக்கு ஏ.பி. என்று பெயர். கணக்கில் நிஜமாகவே பசி உள்ள பிள்ளைகளுக்கு அது விருந்துச் சாப்பாடு. அதில் யாருக்கும் மறுப்பில்லை. நான் சொல்ல வந்தது பிள்ளைகளைப் பற்றி அல்ல, அவர்களுடைய அப்பாக்களைப் பற்றி.

இந்த அப்பாவை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். சர்ச் விருந்தில் உங்கள் தட்டில் உருளைக்கிழங்கு விழுவதற்குள், நீச்சல் போட்டியில் உங்கள் பையன் தண்ணீரில் குதிப்பதற்குள், வாசலில் பனியை வாரிக்கொண்டிருக்கும்போது நீங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதற்குள், பக்கத்தில் வந்து நின்று, "உங்க பையன் இப்போ கணக்குல எங்க இருக்கான்?" என்று கேட்பார். எங்கே இருப்பான்? கணக்கு வகுப்பில்தான் இருப்பான். ஆனால் அது பதில் ஆகாது. அல்ஜீப்ராவில் இருக்கிறான் என்று நீங்கள் சொல்ல வேண்டும். உடனே அவர், "ஓ" என்பார். அந்த ஒற்றை எழுத்தில் ஒரு துக்க விசாரிப்பே அடங்கியிருக்கும். பிறகு, கேட்காமலே, "நாங்க கால்குலஸ் முடிச்சிட்டோம்" என்பார்.

நாங்க! இந்த இனத்தின் கூவல் அதுதான்.

எங்கள் தெருவில் அப்படிக் கூவியவர் வெண்டல் ஹோம்க்விஸ்ட். தரைவிரிப்பு விற்கும் கடை வைத்திருந்தார். ஓர் அறையைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை கெஜம் தேவைப்படும் என்று சொல்லிவிடுவார். அதற்கு மேல் கணக்கு அவருக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. மனைவி கார்லா மருத்துவமனையில் செவிலி, அதிகம் பேசாதவள். ஒரே மகள் லினேயா. நல்ல ஞாபகசக்தி உள்ள பெண். ஒரு கணக்கைப் போடும் முறையை ஒருமுறை பார்த்துவிட்டால் அப்படியே திருப்பிச் செய்வாள். ஆறாம் வகுப்பு ஆசிரியை ஒருத்தி இதைக் கண்டு வியந்து வெண்டலிடம் ஒரு வார்த்தை பாராட்டிச் சொன்னாள். பாவம், அவள் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள்.

அன்று தொடங்கியது ஓட்டம். லினேயா ஒரு வகுப்பைத் தாண்டினாள், இன்னொன்றைத் தாண்டினாள். ஜியோமெட்ரியை ஒரு கோடை விடுமுறையில், மற்ற குடும்பங்கள் ஏரிக்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து முடித்துவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஏ.பி. கால்குலஸ். பத்தாம் வகுப்பில் ஏ.பி. வேதியியல், ஏ.பி. பௌதிகம். கணக்கு? சொல்லிக்கொடுக்க இனி எங்களிடம் கணக்கு இல்லை என்று பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். வேறு யாராவது இதைப் புகாராக எடுத்துக்கொண்டிருப்பார்கள். வெண்டல் பட்டமளிப்பு விழாவாக எடுத்துக்கொண்டார். அந்த வாரம் அவர் தபால்காரரைக்கூட விடவில்லை.

பள்ளியில் இல்லாவிட்டால் என்ன, ஊருக்கு வெளியே சமுதாயக் கல்லூரி இருக்கிறதே? அங்கே, பல மாறிகளை ஒரே சமயத்தில் வைத்துக்கொண்டு செய்யும் கால்குலஸில் மகளைச் சேர்த்தார். அவளுக்கு வயது பதினைந்து. தனியாகக் கார் ஓட்ட உரிமம் இல்லை. ஆகவே மாலை வகுப்புக்கு அவரே கூட்டிப் போவார். முதலில் காரிலேயே காத்திருந்தார். குளிர் எலும்புக்குள் இறங்கியதும் கல்லூரித் தாழ்வாரத்துக்கு வந்தார். அங்கிருந்து வகுப்பின் கடைசி வரிசைக்கு வருவதற்கு அதிக நாளாகவில்லை. லினேயா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: அவர் தன் அப்பா என்று யாரிடமும் சொல்லக் கூடாது. வெண்டல் வாழ்க்கையில் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுவாகத்தான் இருக்கும்.

சமுதாயக் கல்லூரியில் எல்லா வயதுக்காரர்களும் படிப்பார்கள். தலை நரைத்தவர் பின்னால் உட்கார்ந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாடம் நடத்திய டிராக்ஸ்லர் அம்மாளும் பார்க்கவில்லை. ஒருநாள் அவர் முன்னறிவிப்பில்லாமல் ஒரு சிறு தேர்வு வைத்தார். வரிசை வரிசையாகத் தாளைக் கொடுத்துக்கொண்டே வந்து, கடைசியில் வெண்டல் முன்னாலும் ஒன்றை வைத்துவிட்டு நகர்ந்தார்.

வெண்டல் என்ன செய்வார்? அப்பா என்று சொல்ல முடியாது. எழுந்து போனால் எல்லோரும் பார்ப்பார்கள். தாளைப் பார்த்தார். அதில் இருந்த எழுத்துகளில் சில, எழுத்துகள்தானா என்றே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. எண்களைத் தேடினார். எண்களும் குறைவாகத்தான் இருந்தன. இத்தனை மாதமாக ஊரெல்லாம் 'நாங்கள்' படித்துக்கொண்டிருந்த பாடத்தை அவர் அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தார். இருவருக்கும் அறிமுகமே இல்லை.

தெரியாத தேர்வில் உட்கார்ந்திருக்கும் எவரும் செய்வதை அவரும் செய்தார். தலையைத் தூக்கி மற்றவர்களைப் பார்த்தார். எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். லினேயாவைத் தவிர.

அவளுடைய முதுகைத்தான் அவரால் பார்க்க முடிந்தது. பென்சில் தாளின் மேலே அப்படியே நின்றிருந்தது. முதலில் யோசிக்கிறாள் என்று நினைத்தார். நேரம் ஆக ஆகப் பென்சில் அசையவில்லை. பிறகு அவள் ஸ்வெட்டர் கையால் முகத்தைத் துடைத்தாள், யாரும் பார்க்காதபடி, பழக்கப்பட்ட ஒரு வேகத்தோடு. அந்தப் பழக்கம்தான் வெண்டலை என்னவோ செய்தது. இது முதல் தடவை அல்ல என்று ஒரு தரைவிரிப்பு வியாபாரிக்குக்கூடப் புரிந்தது.

காரில் ஏறியதும், வழக்கம் விடவில்லை, "எப்படி எழுதினே?" என்று கேட்டுவிட்டார்.

"நீ எப்படி எழுதினே?" என்றாள் லினேயா.

"பேர் எழுதினேன்."

"நானும் அதான்."

அவர் வண்டியைக் கிளப்பவில்லை. கண்ணாடியில் பனி படிந்துகொண்டே வந்தது. அவளாகவே சொன்னாள். போன வருடம் முழுக்க மனப்பாடத்தில்தான் ஓட்டினாளாம். இங்கே மனப்பாடம் செய்யவும் பிடி கிடைக்கவில்லையாம். மற்றவர்கள் சிரிக்கிற இடத்தில் தானும் சிரிப்பாளாம்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே, கண்ணு."

"எப்போ சொல்றது? நீ எல்லார்கிட்டயும் சொல்லிட்டே. தபால்காரர்கூட என்னைப் பார்த்தா வாழ்த்து சொல்றாரு." பிறகு குரல் இறங்கியது. "அப்பா, எனக்கு ஜியோமெட்ரி பிடிச்சிருந்தது. ஒரு கோடு போட்டா, அது ஏன் அப்படின்னு புரியும். அதை ஏன் அவ்வளவு சீக்கிரம் முடிச்சோம்?"

வெண்டல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வீட்டில் கார்லா விஷயத்தைக் கேட்டுக்கொண்டு சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றினாள். "நான் போன வருஷமே சொன்னேன். அப்போ நீங்க ரெண்டு பேரும் கால்குலஸ்ல மும்முரமா இருந்தீங்க" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் வெண்டல் பள்ளிக்குப் போய், பாடங்களைத் தேர்ந்தெடுக்க உதவும் ஆலோசகர் பிராண்ட்வோல்ட் அம்மாள் முன்னால் உட்கார்ந்து, மகளைப் பின்னால் போடச் சொன்னார். அந்த அம்மாளுக்குக் காதில் சரியாக விழவில்லை. பின்னாலா? பிள்ளைகளை முன்னால் தள்ளச் சொல்லிக் கெஞ்சியவர்கள், கத்தியவர்கள், வக்கீலோடு வந்தவர்கள் என்று எல்லா வகையையும் பார்த்தவர் அவர். பின்னால் தள்ளச் சொல்லி ஒருவர் வந்தது இதுதான் முதல் தடவை. உடம்புக்கு ஏதாவதா என்று மெதுவாக விசாரித்தாராம். கடைசியில் கல்லூரி வகுப்பு போயிற்று. ஏ.பி. பௌதிகமும் போயிற்று. வேதியியலை லினேயாவே வைத்துக்கொண்டாள். அது அவளுக்குப் புரிந்தது. அவளைவிடச் சின்னப் பிள்ளைகளோடு ஜியோமெட்ரியில் உட்கார்ந்தாள். சில சமயம் தப்பாகப் போட்டாள், ஏன் தப்பு என்று கேட்டாள், மதிய உணவு நேரத்தில் தோழிகளோடு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். ஒருநாள் அவள் தெருவில் விசிலடித்துக்கொண்டு போனதை நானே கேட்டேன்.

வெண்டல் சில வாரம் தலைகாட்டவில்லை. சர்ச் விருந்துக்கு வந்தாலும் ஓரமாக நின்று காபி குடித்துவிட்டுப் போய்விடுவார். எங்களுக்கே மனசு என்னவோபோல் இருந்தது. மனிதர் திருந்திவிட்டார் என்று பேசிக்கொண்டோம்.

மார்ச் மாத விருந்தில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் பழைய வெளிச்சம்.

"உங்க பையன் ஜியோமெட்ரியை ஒழுங்கா பண்ணினானா?" என்று கேட்டார்.

பண்ணினான் என்றுதான் நினைக்கிறேன் என்றேன்.

"ஓ" என்றார். அதே எழுத்து, அதே துக்கம். "நாங்க வேணும்னேதான் திரும்பிப் படிக்கறோம். இப்பல்லாம் யாரும் அடித்தளம் போடறதில்லை. அவசரப்படாம இருக்கறதுல இந்த ஸ்கூல்லயே நாங்கதான் முதல்ல."

அந்த வசந்தகாலம் முடிவதற்குள், பிள்ளையைப் பின்னால் போட வேண்டும் என்று ஒரு சிறு கூட்டமே பிராண்ட்வோல்ட் அம்மாளின் வாசலில் நின்றது. யார் பிள்ளை அதிகம் பின்னால் என்பதில் ஒரு சச்சரவுகூட நடந்ததாகக் கேள்வி.

நீங்கள் இதையெல்லாம் படித்துச் சிரித்திருப்பீர்கள். சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்கிறேன், யாரிடமும் சொல்ல வேண்டாம். லினேயா ஒன்பதாம் வகுப்பில் கால்குலஸ் படித்தாள் என்று வந்த இடத்தில், உங்கள் வீட்டுப் பிள்ளை அந்த வயதில் என்ன படித்தது என்று ஒரு கணம் கண்ணை மேலே தூக்கி யோசித்தீர்களா, இல்லையா? பிள்ளையே இல்லை என்று தப்பித்துக்கொள்ளப் பார்க்காதீர்கள். அப்படியானால் உங்கள் அக்கா மகன் வேதியியலில் எத்தனை மதிப்பெண் எடுத்தான் என்பது உங்களுக்கு எப்படி அவ்வளவு துல்லியமாகத் தெரியும்?