வரி வரவேண்டும் என்று வேலைக்குப் போனவர்

வரிக்கழிவுப் பிரியர் என்று ஒரு வகை மனிதர் உண்டு. பணி ஓய்வுக்குப் பிறகுதான் இவர் முழு வளர்ச்சி அடைவார். நீங்கள் பார்த்திருப்பீர்கள். வருமான வரியில் கொஞ்சம் குறையும் என்றால் எதை வேண்டுமானாலும் வாங்குவார். தேவையா என்று மட்டும் கேட்கமாட்டார்.

மலேசியாவில், சுங்கைப்பட்டாணி லியோனார்ட் அந்த வகையில் அசல். பொதுப்பணி இலாகாவில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில் ஓய்வு பெற்றவர். பென்ஷன்காரர் என்பதால் அவருக்கும் மனைவி ரூத்துக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். இருந்தும், மாதா கோயில் வாசலில் ஓர் ஏஜெண்ட், மருத்துவக் காப்புறுதிக்குக் கட்டும் பிரிமியத்தை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று காதில் போட்டதும், மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த வாரமே தன் பெயரில் ஒரு பாலிசி எடுத்துவிட்டார்.

"நமக்கு எதுக்குங்க இது? ஆஸ்பத்திரிலதான் சும்மா பாக்குறாங்களே," என்றாள் ரூத்.

"இது ஒடம்புக்கு இல்ல ரூத். வரிக்கு."

"அப்ப என் முட்டி வலிக்கு?"

"அதுக்குத்தான் தைலம் இருக்குல்ல."

வருடம் முடிந்ததும், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் பளபளக்கும் சப்பாத்துமாக, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வரி அலுவலகத்துக்குப் போனார். அங்கே ரமணி என்ற இளம் அதிகாரி அவருடைய தாள்களைப் பொறுமையாகப் பார்த்தாள்.

"அங்கிள், ஒங்க பென்ஷனுக்கு வரியே கெடையாதுலா. நான் எதுலேர்ந்து கழிக்கிறது?"

வேறொருவர் என்றால் சந்தோஷத்தில் ஒரு கோப்பி வாங்கிக் குடித்திருப்பார். லியோனார்டுக்கு முகம் தொங்கிவிட்டது. வேலையில் இருந்த காலமெல்லாம் திட்டித் திட்டி வரி கட்டியவர் அவர். இனி அரசாங்கம் தன்னிடம் ஒன்றுமே கேட்காது என்பது, ஊரையெல்லாம் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டுத் தன் வீட்டை மட்டும் தாண்டிப் போனதுபோல் வலித்தது. வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிடவில்லை.

பாலிசியை விட்டுத் தொலைத்தால் தீர்ந்தது. விடுவாரா? வரி வரும் அளவுக்குச் சம்பாதிக்கப் புறப்பட்டார். கடலோரத் தஞ்சோங் டாவாயில் நெத்திலிக் கருவாட்டு வியாபாரி நடராஜாவிடம் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. காலை பஸ்ஸில் பவுடர் வாசத்தோடு போய், மாலை பஸ்ஸில் வேறு வாசத்தோடு வந்தார். பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருந்தது. ரூத் அவர் சட்டைகளைத் தனி வாளியில் ஊறவைத்தாள்.

அடுத்த வருடம் வரி வந்தது. பிரிமியத்தைக் கழித்ததும் வரி போயே போய்விட்டது. லியோனார்ட் நேராக நண்பர் கிளாரன்ஸ் வீட்டுக்குப் போனார்.

"பாத்தியா, கவர்மெண்டுக்கு ஒரு காசு குடுக்கல."

"போன வருசமும் குடுக்கலியேப்பா."

"அது வேற. போன வருசம் அவங்களா விட்டாங்க. இந்த வருசம் நான் கழிச்சேன்."

மழைக்காலத்தில் ஒருநாள், படகுத்துறையில் மீன் கழுவிய தண்ணீரில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். கடை ஆட்கள் தூக்கிப்போய் அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வலிக்கிற முட்டியோடு பஸ் ஏறி, கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள் ரூத்.

"பாலிசிதான் இருக்கே. பிரைவேட்டுக்குப் போயிரலாமா?"

"வேணாம். கிளெய்ம் பண்ணுனா பிரிமியத்த ஏத்திருவான்."

சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். மெல்ல முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"ஏத்தட்டுமே ரூத். பிரிமியம் ஏறுனா கழிவும் ஏறும்ல?"

ரூத் கஞ்சியை மூடி வைத்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டாள். "மிஸ்ஸி, இவருக்குத் தலையிலயும் அடிபட்டிருக்கான்னு டாக்டர பாக்கச் சொல்லுங்க."

கால் கூடியது. லேசாக நொண்டியபடி மறுபடி வேலைக்குக் கிளம்பியவரை ரூத் வாசலில் மறித்தாள். பாலிசியில் தன் பெயரையும் சேர்க்காமல் படி இறங்கக் கூடாது என்றாள். சேர்த்தார். சேர்த்தால் கழிவு கூடுமா என்று ரமணியிடம் விசாரித்த பிறகுதான்.

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். பாதி விலைக்குக் கிடைக்கிறதென்று மலிவு விற்பனையில் முண்டியடித்து வாங்கிவந்து, இன்னும் பிரிக்காமல் அலமாரி மேல் வைத்திருக்கிறீர்களே ஒரு பெட்டி, அதைப் பார்த்துக்கொண்டே சிரியுங்கள்.