கனகத்தின் பாலில் ஒரு கோடு

ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு வரக்கூடிய வியாதிகளில் மோசமானது, எதையோ கண்டுபிடித்துவிட்டோம் என்ற நினைப்பு. எனக்கு அது வந்தபோது நான் கம்பசில் ஆட்டுப்பால் பற்றிய ஆய்வில் இருந்தேன். இருந்தேன் என்பதைவிட, மாட்டுப்பட்டிருந்தேன் என்பது சரி.

ஆட்டின் மரபணுவைப் பொறுத்து அதன் பாலில் உள்ள புரதங்கள் மாறும். பாலை ஜெல் எனப்படும் ஒரு மெல்லிய களித்தகட்டில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால், புரதங்கள் தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்து நிற்கும். அந்தக் கோடுகளைப் பார்த்து எந்த ஆட்டுக்கு என்ன மரபணு என்று சொல்வதுதான் என் வேலை. (அம்மா இதை அயலுக்கு விளங்கப்படுத்திய விதம்: "பிள்ளை ஆடுகளுக்குச் சாதகம் பாக்கிறாள்.")

சிக்கல் என்னவென்றால், எனக்கு ஆடு என்றால் பயம். மருதனார்மடத்தில் முதல் ஆட்டுக்குப் பக்கத்தில் குனிந்தபோதே அது என் மூக்குக்கண்ணாடியை உதைத்து வேலிக்கு அப்பால் அனுப்பிவிட்டது. அதற்குப் பிறகு வீடுகளில் போத்தலைக் கொடுத்துவிட்டு முற்றத்துக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிப்பேன். பால் வந்ததும் வாங்கிக்கொண்டு போவேன். என் ஆய்வறிக்கையில் இதற்குப் பெயர் 'நேரடிச் சேகரிப்பு'.

சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்கிற செல்வம் அண்ணை வீட்டு ஆடுதான் கனகம். நீளக் காது, கலியாணவீட்டுக்கு வந்த மாமியின் நடை. மற்ற வீடுகளில் பால் முன்னேபின்னே இருக்கும்; கனகத்தின் போத்தல் மட்டும் எப்போதும் கழுத்து வரை நிரம்பியிருக்கும்.

அந்தப் பாலைத் தகட்டில் விட்டபோது, ஆட்டுப் புரதங்களோடு, பசுப்பாலில் மட்டுமே வரவேண்டிய ஒரு கோடும் தடிப்பாக நின்றது. திரும்பச் செய்தேன், திரும்பவும் நின்றது. இந்த இடத்தில் அறிவுள்ள எவருக்கும் ஒரு சந்தேகம் வரும். எனக்குப் புல்லரிப்புத்தான் வந்தது. உலகத்திலேயே மாட்டுப் புரதம் சுரக்கிற முதல் ஆடு, எங்கடை சண்டிலிப்பாயில்!

வெளிநாட்டில் நின்ற என் மேற்பார்வையாளர் போனில் கேட்டுவிட்டு, முதலில் ஆட்டின் இரத்தத்தை எடுத்து மரபணுவைப் பார், அதற்குப் பிறகு கதைப்போம் என்றார். இரத்தம் எடுப்பதென்றால் ஆட்டுக்குக் கிட்டப் போகவேண்டும். ஆகவே நேரே பீடத்தின் ஆய்வரங்கில் அறிவிப்பது என்று முடிவெடுத்தேன். கொழும்பிலிருந்து பால் ஆராய்ச்சியில் பெயர்பெற்ற பேராசிரியை ஒருவர் வருகிறார். அவருக்கு ஆட்டையே காட்டிவிட்டால் போயிற்று.

செல்வம் அண்ணை கனகத்தைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, ஓட்டோவில் ஏற்றினார். பின்சீட்டில் அவரும் கனகமும் சௌகரியமாக இருந்தார்கள். நான் சாரதிக்குப் பக்கத்தில் ஒரு காலை வெளியே விட்டபடி தொங்கிக்கொண்டு போனேன்.

மேடையில் கனகம் என் வலப்பக்கம். நான் சட்டையில் ஒலிவாங்கியைக் குத்திக்கொண்டு, 'சண்டிலிப்பாய் மரபணு' என்று நானே சூட்டிய பெயரை அடிக்கடி சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட பேராசிரியை, ஆடுதான் வந்திருக்கிறதே, இப்போதே கறந்து பார்த்துவிடலாமே என்றார். மண்டபம் கைதட்டியது. நான் போத்தலை அண்ணையிடம் நீட்டினேன்.

அண்ணை போத்தலை வாங்கிப் பார்த்தார். பிறகு கிட்ட வந்து என் காதுக்குள் கேட்டார்.

"பிள்ளை, குறை நினையாதேங்கோ. இஞ்சை மாட்டுப்பால் எங்கை எடுக்கலாம்?"

அவர் இரகசியமாகத்தான் கேட்டார். ஆனால் என் சட்டையில் இருந்த ஒலிவாங்கிக்கு இரகசியம் தெரியாது. மண்டபத்தின் நாலு மூலையிலும் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டிகள் அதைத் தெளிவாகச் சொல்லின.

பேராசிரியை ஏன் என்று கேட்டார். அண்ணை கூச்சத்தோடு விளக்கினார். கனகம் கால் போத்தல்தான் தருமாம். "வெய்யிலுக்குள்ளை படிக்கிற பிள்ளை வருகுது. அதின்ரை கையிலை கால் போத்தலைக் குடுத்து எப்பிடி அனுப்புறது? அதுதான் எங்கடை மாட்டிலை கொஞ்சம் விட்டு நிரப்பினனாங்கள்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சிரிப்பா, விஞ்ஞானத்தின் மீதான துக்கமா என்று நான் பார்க்கவில்லை. அந்த மண்டபத்தில் என்னைப் பார்க்காமல் இருந்த ஒரே ஜீவன் கனகம். அது பேராசிரியைக்குப் போட வைத்திருந்த மாலையைத் தின்றுகொண்டிருந்தது.

பிறகு மற்ற வீடுகளுக்கும் போய்க் கேட்டேன். ஒரு வீட்டில் பக்கத்து வீட்டு ஆட்டின் பால். இன்னொன்றில், பிள்ளைக்குக் கெட்டுப்போகக் கூடாதென்று காய்ச்சி, சீனியும் போட்டிருக்கிறார்கள். மொத்த ஆய்வும் போயிற்று. கடைசியில் ஆட்டுப்பாலில் மாட்டுப்பால் கலந்திருந்தால் கண்டுபிடிப்பது எப்படி என்று தலைப்பை மாற்றி எழுதித்தான் பட்டம் வாங்கினேன். (இம்முறை நானே கறந்தேன். இன்னும் இரண்டு கண்ணாடி போனது.)

போன வருடம் எனக்கு மகள் பிறந்தாள். பார்க்க வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, மூக்கு தகப்பனுடையதா, நாடி எங்கள் பக்கத்தினதா என்று பிரிந்து வாதாடினார்கள். ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் என் மாமியார், மரபணு படித்தவள் என்ற மரியாதையில், பிள்ளை ஆரைப்போல என்று என்னையே கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் அம்மா குறுக்கிட்டார்.

"அவளைக் கேக்காதேங்கோ சம்பந்தி. ஆட்டையும் மாட்டையுமே பிரிச்சறியாதவள்."