நாலாம் இடத்தில் சீனாக் கார்

திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, ஹால்பிரிட்ஜ் மோட்டார்ஸ் தலைமை அலுவலகத்தின் முன்வரிசை நாலாம் இடத்தில் கடல் நீலத்தில் ஒரு சீனாக் கார் நின்றது. அதன் பின்பக்கம் ‘பெய்யூன்’ என்று வெள்ளியில் எழுத்து மின்னியது. கையில் ஆரஞ்சு நோட்டீஸோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார் நார்பர்ட் கச்மாரெக்.

நார்பர்ட் அங்கே பார்க்கிங் கண்காணிப்பாளர். முன் பார்க்கிங்கில் ஹால்பிரிட்ஜ் வண்டிக்கு மட்டும்தான் இடம். வேறு யார் செய்த வண்டியில் வந்தாலும், ரயில் தண்டவாளத்துக்கு அப்பால் இருக்கும் பின் பார்க்கிங்கில் விட்டுவிட்டுப் பதினைந்து நிமிஷம் நடந்து வர வேண்டும். டெட்ராய்ட்டில் பிப்ரவரி மாதத்துப் பதினைந்து நிமிஷம் என்றால் காது இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். ஈஸ்டருக்கு ஆசீர்வதிக்க வந்த பாதிரியாரையே, ஜப்பான் காரில் வந்தார் என்பதற்காகப் பின்னால் அனுப்பியவர் நார்பர்ட். சொந்த மச்சினன் கொரியக் கார் வாங்கியதிலிருந்து, அவன் வீட்டுக்கு வந்தால் தெருமுனையில் நிறுத்திவிட்டுத்தான் வர வேண்டும்.

அந்த வாரம் ஆபீஸ் முழுக்கச் சீனா பயம். ஆற்றுக்கு அந்தக் கரையில், கனடா வரைக்கும் சீனாக்காரர்கள் வந்துவிட்டார்கள், பாலத்தைத் தாண்டினால் நம் கதி அதோகதி என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கேன்டீனில் சீன நூடுல்ஸுக்கு ‘நீளமான மக்ரோனி’ என்று பெயர் மாற்றியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை இயக்குநர் குழு இதற்காகவே கூடப் போகிறது. இந்த நேரம் பார்த்து, வாசலுக்கு நேர் எதிரே சீனாக்காரன் வந்து நின்றால் நார்பர்ட்டுக்கு எப்படி இருக்கும்?

நோட்டீஸை ஒட்டக் குனிந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. துணைத்தலைவர் ஹால்வர்சன் அம்மாள். ஆறாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே பேசினார்.

"நார்பர்ட், அந்த நீல வண்டியத் தொடாதீங்க."

"மேடம், இது சீனா வண்டி."

"தெரியும். நம்ம பட்டறைக்காரங்க பிரிச்சுப் பாக்கறதுக்காக வாங்கியிருக்காங்க. பிரிக்கறதுக்கு முன்னாடி நான் கொஞ்சம் ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கேன்."

"என்ன ஆராய்ச்சி மேடம்?"

"வீட்டுக்கு ஓட்டிட்டுப் போய்ட்டு வர்றது." அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "சனி, ஞாயிறு முழுக்க ஆராய்ச்சிதான். கதவு மூடற சத்தம் இருக்கே, அதைக் கேக்கறதுக்காகவே நாலு தடவ எறங்கி ஏறினேன்."

"அப்ப பின் பார்க்கிங்குக்கு அனுப்பிடட்டுமா?"

"எனக்கு அவ்ளோ தூரம் நடக்க முடியாது. அங்கயே நிக்கட்டும். ஆனா சீனா வண்டி நிக்குதுன்னு யாருக்கும் தெரியக் கூடாது. வெள்ளிக்கிழமை போர்டு வரும்போது முன்னாடி ஒரு அந்நிய வண்டி அவங்க கண்ணுல பட்டுச்சுன்னா, உங்களப் பின்னாடி காவல் கூண்டுக்கு மாத்தறதத் தவிர எனக்கு வேற வழியில்ல."

பின் காவல் கூண்டில் ஹீட்டர் கிடையாது. நார்பர்ட்டுக்கு இடது முழங்கால் ஏற்கெனவே சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. அந்தக் கூண்டில் ஒரு வாரம் உட்கார்ந்தால் அது நிரந்தரமாக விடைபெற்றுக்கொண்டுவிடும்.

அவர் உடனே ஒரு தார்ப்பாய் எடுத்துவந்து காரை மேலிருந்து கீழ் வரை மூடினார். நான்கு மூலையையும் கயிறு போட்டுக் கட்டினார். நிம்மதியாகக் காபி குடிக்கப் போனார்.

கார் கம்பெனியில் ஒரு காரை மூடி வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். திரும்பி வந்தபோது அறுபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். புது மாடல் வந்துவிட்டது, சீனாக்காரனுக்கு நம் பதில் இதுதான் என்று கணக்குப்பிரிவில் இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தரையில் படுத்து, தார்ப்பாய்க்கு அடியில் தலையை விட்டார். வெளியே எடுத்தபோது முகம் வெளுத்திருந்தது.

"பெய்யூன்," என்றார்.

மறுநாள் செவ்வாய். தார்ப்பாயால் இனிப் பிரயோஜனமில்லை என்று நார்பர்ட் அதை எடுத்துவிட்டு ஒரு பலகை வைத்தார். ‘ஆராய்ச்சிக்காக நிறுத்தப்பட்டுள்ளது. தொடாதீர்கள்.’ பலகையைப் படித்த ஒவ்வொருவருக்கும் தாமும் ஓர் ஆராய்ச்சியாளர் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பத்து மணிக்கு வரிசை வாசல் வரை நீண்டது. தள்ளுமுள்ளைத் தவிர்க்க நார்பர்ட் டோக்கன் கொடுக்க வேண்டியதாயிற்று. தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய் என்பதால் ஊரே பன்ச்கி என்ற, ஜாம் வைத்த போலந்துப் பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தது. முதல் டோக்கனுக்காக நார்பர்ட்டின் மேஜையில் மட்டும் நாற்பத்தொரு பன்ச்கி சேர்ந்தது.

தொழிற்சங்கத் தலைவர் ஓடிஸ் பிராண்டன் கையில் எதிர்ப்பு அட்டையோடு வந்தார். அட்டையை நார்பர்ட்டிடம் கொடுத்துவிட்டுக் காருக்குள் ஏறினார். நாற்பது நிமிஷம் இறங்கவில்லை.

"ஓடிஸ், போதும் இறங்குப்பா. பின்னாடி சட்டப்பிரிவு காத்துட்டிருக்கு."

"இரு. எதிரியத் தெரிஞ்சுக்க வேணாமா?"

"கண்ண மூடிட்டு என்னத்தத் தெரிஞ்சுக்கற?"

"சீட்டு முதுகப் பிடிச்சு விடுதுய்யா. என் பொண்டாட்டி கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படிப் பிடிச்சு விட்டதில்ல." ஓடிஸ் பெருமூச்சு விட்டார். "நம்மாளுங்களுக்கு இந்த ஜென்மத்துல இது வராது. பெய்யூன்னா யாருன்னு நெனச்ச? சீனாவுல மூணாவது பெரிய கம்பெனி. எனக்கு அவங்களப் பத்தி முன்னாடியே தெரியும்."

புதன்கிழமை காலை, பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வந்த நார்பர்ட் ஒரு முடிவெடுத்தார். கண்காணாத இடத்துக்குக் கொண்டுபோனால்தான் இந்தப் பைத்தியம் தெளியும். காரைத் தாமே ஓட்டிக்கொண்டுபோய்ப் பின் பார்க்கிங்கில், கடைசி விளக்குக் கம்பத்துக்குக் கீழே நிறுத்தினார். ஓட்டும்போது அவருக்கும் முதுகு பிடித்துவிடப்பட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கார் நிற்கும் இடத்தை மட்டும், நடக்க முடியாது என்ற ஹால்வர்சன் அம்மாளிடம் போனில் சொன்னார். அந்த அம்மாள் அன்று மாலை பனியில் பதினைந்து நிமிஷமும் நடந்து போனார். ஓடினார் என்றுகூடச் சொல்லலாம். ஆபீஸ் முழுக்க ஜன்னல் வழியே அதைப் பார்த்தது.

வியாழக்கிழமை காலை வந்தபோது முன் பார்க்கிங்கில் ஒரு வண்டிகூட இல்லை.

இன்று ஏதும் விடுமுறையா என்று நார்பர்ட் நாட்காட்டியைப் பார்த்தார். இல்லை. தண்டவாளத்தைத் தாண்டிப் போய்ப் பார்த்தால் பின் பார்க்கிங் திருவிழாவாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெய்யூனில் ஐந்து நிமிஷம் உட்கார இடம் கிடைக்கும் என்று அத்தனை பேரும் ஹால்பிரிட்ஜ் வண்டியிலேயே வந்து அங்கே நிறுத்தியிருந்தார்கள். முப்பத்தோரு வருஷமாக ஆளைப் பின்னால் விரட்டிக்கொண்டிருந்தவர், ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டி முன்னால் வரச் சொல்லிக் கெஞ்சினார்.

"நடக்கறது உடம்புக்கு நல்லது நார்பர்ட்," என்றார்கள்.

போன் அடித்தது. "நார்பர்ட், நாளைக்குப் போர்டு வருது. முன்னாடி மைதானம் மாதிரிக் கெடக்கு. கம்பெனிய மூடிட்டோம்னு நெனச்சுத் திரும்பிப் போயிடுவாங்க."

"கார முன்னாடி கொண்டு வந்தா எல்லாரும் வந்துடுவாங்க மேடம். ஆனா அது சீனா வண்டின்னு..."

"அத எப்படியாவது பாத்துக்கோங்க. கூண்டு ஞாபகம் இருக்கட்டும்."

அப்போதுதான் நார்பர்ட்டுக்கு அந்த யோசனை உதித்தது. மத்தியானம் வீட்டுக்குப் போய் மனைவி லுசிலின் தலை உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்தார். கூட்டம் வேலைக்குத் திரும்பிய பிறகு, பின்பக்க எழுத்தைச் சூடு காட்டி உரித்தார். முன்முகச் சின்னத்தைக் கழற்றிவிட்டு, காயலான் கிடங்கிலிருந்து எடுத்துவந்த ஹால்பிரிட்ஜ் சின்னத்தை வைத்தார். அது சொல்லி வைத்தாற்போல் கச்சிதமாக உட்கார்ந்தது. அவருக்கு ரத்தம் கொதித்தது.

மாலையில் மெஷினைத் திருப்பிக் கொடுக்கும்போது லுசிலிடம் பொருமினார். "போல்ட்டுத் துளையக்கூட விட்டு வைக்கல. அளவு மாறாம நம்மகிட்டேந்து திருடியிருக்கான்."

"பாவம், நம்மகிட்ட திருடறதுக்கு அது ஒண்ணுதான் இருந்திருக்கு," என்றாள் லுசில்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கடல் நீலக் கார் நாலாம் இடத்துக்கே திரும்பியிருந்தது, மூக்கில் ஹால்பிரிட்ஜ் சின்னத்தோடு. பெய்யூன் தொலைந்துவிட்டது என்று கேள்விப்பட்டுச் சோர்ந்துபோன கூட்டம் ஒவ்வொருவராக முன்னால் வந்து வண்டியை நிறுத்தியது. ஒருவரும் நீலக் காரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடிஸ் மட்டும் பக்கத்தில் நின்று கதவைத் திறந்து மூடினார்.

"இது என்ன, நம்ம புது வண்டியா?"

"ஆமா," என்றார் நார்பர்ட்.

"பெய்யூனப் பாத்து அப்படியே அடிச்சிருக்காங்க. ஆனா கதவு தகரச் சத்தம் போடுது பாரு. காப்பியடிக்கக்கூட ஒரு புத்தி வேணும்யா."

ஹால்வர்சன் அம்மாளுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் ஏறி உட்கார்ந்து ஒரு நிமிஷம் யோசித்தார். "சீட்டு முன்ன மாதிரி இல்லையே."

"அதே சீட்டுதான் மேடம். எம்ப்ளம் மட்டுந்தான் மாத்தினேன்."

"இருக்கலாம். ஆனா என்னமோ ஒண்ணு போயிடுச்சு."

பத்து மணிக்கு இயக்குநர்கள் ஒன்பது பேரும் வந்து இறங்கினார்கள். தலைவர் வாண்டர்வீன் பார்க்கிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். எல்லாம் ஹால்பிரிட்ஜ். திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டே வந்தவர் நாலாம் இடத்தில் நின்றார்.

"இது எந்த வண்டி?"

ஹால்வர்சன் அம்மாள் நார்பர்ட்டைப் பார்த்தார். நார்பர்ட் தன் முழங்காலை நினைத்துக்கொண்டார்.

"நம்ம வண்டிதான் சார்."

காலையில் ஓடிஸிடம் சொன்ன ‘ஆமா’வை விட்டால், முப்பத்தோரு வருஷத்தில் அந்த இடத்தில் நின்று அவர் சொன்ன முதல் பொய் அது.

தலைவர் உள்ளே ஏறினார். அரை நிமிஷத்தில் இறங்கிவிட்டார்.

"சீட்டு முதுகப் பிசையுது. இது காரா, முடிவெட்டற கடையா? ஒரே பிளாஸ்டிக் நாத்தம். இதுதான் நம்ம பதில்னா, பாலத்தத் தெறந்து வச்சு நாமளே மாலையோட நிக்கலாம்."

இன்னொரு இயக்குநர் ஆமோதித்தார். "நான் போன வருஷம் ஷாங்காய்ல பெய்யூன் ஓட்டினேன். அது வண்டி. இது தகர டப்பா."

"திங்கட்கிழமை இத நசுக்கிடுங்க," என்றார் தலைவர். "வரைபடத்தையும் சேர்த்து. இப்படி ஒண்ணு நம்மகிட்ட இருந்ததாவே வெளிய தெரியக் கூடாது."

நார்பர்ட் வாயைத் திறந்தார். ஹால்வர்சன் அம்மாளும் திறந்தார். உண்மையைச் சொன்னால் ஒருவருக்குக் கூண்டு, இன்னொருவருக்கு ஆராய்ச்சி பற்றிய விசாரணை. இரண்டு வாயும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன. தலைவர் போகிற போக்கில் நார்பர்ட்டின் தோளைத் தட்டி, பார்க்கிங் பளிச்சென்று இருக்கிறது, இவர் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூண்டு தப்பியது. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் மத்தியானம் மீன் ரொட்டியைப் பாதியிலேயே வைத்துவிட்டு நார்பர்ட் வெளியே வந்தார். நீலக் காரைப் பார்க்கும்போதெல்லாம் மனசு குறுகுறுத்தது. அது என்ன பாவம் செய்தது? எங்கிருந்தோ வந்து, கேட்டவர்களுக்கெல்லாம் முதுகு பிடித்துவிட்டது. அதன் பேரைப் பிடுங்கியதற்காக நசுங்கப் போகிறது.

கழற்றிய சின்னத்தையும் எழுத்தையும் ஒரு காகிதப் பையில் போட்டுக்கொண்டு, நொண்டிக்கொண்டே பட்டறைக்குப் போனார். பட்டறை மேற்பார்வையாளர் யோலண்டா, அலமாரி அலமாரியாகத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"யோலண்டா, ஒரு தப்புப் பண்ணிட்டேன்மா." பையை மேஜையில் கவிழ்த்தார். "உங்க சீனா வண்டிக்கு நம்ம எம்ப்ளத்தப் போட்டது நான்தான். தலைவர் அத நசுக்கச் சொல்லிட்டாரு. அதுக்குள்ள அந்தச் சீனாக்காரங்க கிட்டயாவது திருப்பி அனுப்பிடுங்க. நல்ல வண்டிம்மா, ஓட்டிப் பாத்தேன்."

யோலண்டா வெள்ளி எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வரிசையாக அடுக்கினாள். பெய்யூன் என்று வந்தது. பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"சீனா வண்டி ஏது நார்பர்ட்? அது இங்க நாங்க கட்டினது. தலைவர் அழிக்கச் சொன்ன வரைபடத்தத்தான் இப்பத் தேடிட்டிருக்கேன். நம்ம பேரோட ரெண்டு தடவ போர்டுக்குக் காட்டினோம், ஏறிக்கூடப் பாக்கல. அதான் இந்தத் தடவ எதிர்த்தாப்ல இருக்கற நூடுல்ஸ் கடையோட பேர ஒட்டி வச்சோம்."