மேஜர் வெளிநடப்பு செய்த கச்சேரி

உலக இசை வரலாற்றை இனி எங்கள் முதலாளி பாடத் தொடங்கியதற்கு முன், பின் என்று பிரித்துத்தான் எழுத வேண்டும். முன்பெல்லாம் நாய்கள் ஊளையிட்டன. இப்போது, எங்கள் அலுவலக மொழியில், அவை 'ரசிக்கின்றன'.

எங்கள் நிறுவனம் நாய்களுக்குக் கழுத்துப்பட்டை செய்கிறது. கீழ்த்தளத்தில் மெஷின்கள் நாள் முழுக்க நீல நாடா நெய்யும். மேல்தளத்தில் முதலாளி பாடுவார். செல்லப்பிராணிகளின் 'மன அமைதிக்காக' அந்தக் குரலைப் பதிவு செய்து பட்டையோடு சேர்த்து விற்பது திட்டம்.

என் பதவி, 'எதிர்வினை ஆய்வாளர்'. விலங்கியல் படித்த பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உண்டா? முதலாளி பாடும்போது அவருடைய நாய் மேஜர் எவ்வளவு ரசிக்கிறது என்று சொல்ல வேண்டும். ரசிக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

எனக்குத் தகுதிகாண் பருவம். அதாவது சுடிதாரில் ஊக்கால் குத்திய காகிதச் சீட்டு. நிரந்தரமானால்தான் கழுத்தில் அட்டை. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். மூட்டை தூக்கும் அப்பா, கூட தூக்குகிறவர்களிடம் என்னை 'ஆபீசர்' ஆக்கி வைத்திருந்தார். அம்மா தினமும் போனில் ஒரே கேள்விதான்: "என்னடி, கழுத்துல கார்டு போட்டுட்டியா?"

அன்று கடைக்காரர்கள் முன்னால் வெள்ளோட்டம். மேஜர் 'திருப்தி' அடைந்தால் நான் நிரந்தரம்.

கூட்ட அறையின் கதவைச் சாத்தினார்கள். முதலாளி கைபேசியில் சுருதி போட்டு, கண்ணை மூடி, வாயைத் திறந்தார். மேஜரின் காதுகள் பின்னால் மடிந்தன. வால் கால்களுக்கு நடுவே போய் ஒட்டிக்கொண்டது. மூக்கை உத்தரத்துக்குத் தூக்கி ஓர் ஊளை.

"கூடவே பாடறான் சார்!" என்றார் கணக்கர்.

"மெய்மறந்துட்டான்," என்றார் பணியாளர் பிரிவு அக்கா.

மெய்மறந்த மேஜர் மேஜைக்கடியில் புகுந்து விற்பனை மேலாளரின் ஷூவை நனைத்தது.

"ஆனந்தக் கண்ணீர் சார்," என்றார் மேலாளர், காலை நகர்த்தாமல்.

"அது கண்ணிலேருந்து வரலையே?" என்றார் ஒரு கடைக்காரர்.

மேஜர் கதவைப் பிறாண்டத் தொடங்கியது. முதலாளி பாட்டை நிறுத்தி என்னைப் பார்த்தார். "நீ படிச்ச பொண்ணு. நீயே சொல்லும்மா."

அக்கா என் தொடையைக் கிள்ளிக் காதோடு முணுமுணுத்தார். "தலையாட்டிட்டுப் போடி. கார்டு பிரிண்ட் ஆகி என் டிராயர்ல இருக்கு."

நாய்க்கு அந்த டிராயர் கிடையாது. அதை ஆபீசர் என்று சொல்லித் திரிகிற அப்பாவும் கிடையாது. ஊளையிட அதற்கு வசதி இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், அதுக்குக் காது வலிக்குது. வெளிய போகணும்ங்குது."

முதலாளி எழுந்து போய்க் கதவைத் திறந்தார். மேஜரின் பட்டையைப் பிடித்தார். மேஜர் தலையை ஓர் உலுக்கு உலுக்கியது. பட்டை அவர் கையில் நின்றது, நாய் படியிறங்கி ஓடியது.

அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு யாருக்காச்சும் காது வலிக்குதா?"

"ஐயோ, இல்ல சார்!"

"வலிச்சா போகலாம். கதவு தெறந்துதான் இருக்கு."

ஒருவரும் அசையவில்லை. நனைந்த ஷூகூட அசையவில்லை. அவர் மறுபடி ஆரம்பித்து, கடைசிச் சரணம் வரை பாடி முடித்தார்.

கடைக்காரர்களில் மூத்தவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பாட்டு நாய்க்கு வேணாங்க. எங்க கடையில வேலை செய்யற பசங்களுக்குப் போடலாமா? இவங்க மாதிரியே உக்காருவாங்களா?"

மாபெரும் கண்டுபிடிப்புகள் இப்படித்தான் நிகழ்கின்றன. பிராணிகளின் மன அமைதித் திட்டம் அங்கேயே 'பணியாளர் மன அமைதித் திட்டம்' ஆனது. எல்லாரும் கைதட்டினார்கள். என் வேலை போயிற்று என்று நான் பையை எடுத்தேன்.

"எங்கம்மா போற?" என்றார் முதலாளி, கனிவாக. "உன்னை மாதிரி ஆள்தான் வேணும். உண்மையச் சொன்ன. ஆனா கடைசி வரைக்கும் உக்காந்திருந்த பாரு!"

அக்கா போய்த் தன் டிராயரிலிருந்து அட்டையை எடுத்து வந்தார். அதைக் கோக்க நாடா இல்லை. கீழ்த்தளத்திலிருந்து ஒரு முழம் நீல நாடா வந்தது. மேஜையில் கிடந்த மேஜரின் பட்டையும் அதே நீலம், அதே நெசவு. அக்கா கோத்து, என் தலைவழியே மாட்டி, இழுத்துப் பார்த்தார். "இது கழலாது," என்றார் பெருமையாக.

ஜன்னல் வழியே பார்த்தேன். மேஜர் வெறுங்கழுத்தோடு தெருவைக் கடந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. "என்னடி, கழுத்துல போட்டுட்டியா?"

"போட்டுட்டாங்கம்மா."