பூசணியின் கடைசி ஞாயிறு

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே செருப்பைக்கூடக் கழற்றாமல் அறிவித்தார்.

"நான் டிவியில தலைகாட்டப் போறேன்."

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "செருப்பைக் கழட்டிட்டுக் காட்டுங்க. இப்பதான் தரையைத் துடைச்சேன்."

விஷயம் இதுதான். நாற்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்த 'யானை வந்தாச்சு' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியை மூடிவிடப் போகிறார்களாம். பூசணி என்ற குண்டு யானையும், அதற்குக் கதை சொல்லும் பலூன் அக்காவும் அதோடு விடைபெறுகிறார்கள். பலூன் அக்காவுக்கே பேரன் பேத்தி வந்தாயிற்று. யானைக்கு மட்டும்தான் வயசாகவில்லை. கடைசி நாளன்று நடக்கும் நேரடி ஒளிபரப்பில், நிகழ்ச்சியைப் பற்றிய மிகச் சிறந்த நினைவைச் சொல்பவர் ஒருவர் பலூன் அக்கா பக்கத்தில், அந்தப் புகழ்பெற்ற மஞ்சள் சோபாவில் உட்காரலாம். குரலில் பதிவு செய்து அனுப்ப வேண்டும்.

கண்ணாடிக்காரருக்கு அந்த சோபா பிறப்புரிமையாகத் தோன்றியது. கல்யாண நாளை ஒவ்வொரு வருஷமும் மறக்கிற மனிதர். ஆனால் பூசணியின் சட்டையில் எத்தனை பொத்தான், எந்தப் பொத்தான் எப்போது தெறித்தது என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். கடைக்குக் கண் பரிசோதிக்க வருகிறவர்கள் பார்வையோடு பொறுமையையும் சேர்த்துச் சோதித்துக்கொண்டுதான் திரும்புவார்கள்.

சாப்பிட்ட கையோடு பதிவு ஆரம்பமாயிற்று. தொண்டையைச் செருமினார்.

"சின்ன வயசுல நான் யானையைப் பார்த்தேன். ரொம்ப நல்லா இருந்துச்சு. எங்க வீட்டுல பெரிய டிவி. சோபாவுல படுத்துக்கிட்டே பார்த்தேன். அப்புறம்... அப்புறம் தூங்கிட்டேன்."

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "கேட்கிறவங்களும் தூங்கிடுவாங்க."

"உனக்கென்ன தெரியும்? உங்க வீட்டுலதான் டிவியே கிடையாதே."

"கிடையாதுதான்."

அவள் பிசியோதெரபிஸ்ட். முதுகுப் பிடிப்பு, கழுத்துச் சுளுக்கு என்று முனகிக்கொண்டு வருகிறவர்களை நிமிர்த்தி அனுப்புவது அவள் வேலை. அன்று கட்டுத் துணிகளைச் சுருட்டிக்கொண்டே, யாரிடமும் சொல்லாததைச் சாதாரணமாகச் சொன்னாள்.

"பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாத்தான் பார்ப்பேன். வாளியைக் கவுத்துப் போட்டு அது மேல ஏறி நின்னுக்குவேன். அந்த வீட்டம்மா பார்த்துட்டா, வெடுக்குன்னு திரையை இழுத்து விட்டுடுவாங்க. அப்புறம் சத்தம் மட்டும்தான் கேக்கும். பூசணி என்ன பண்ணுதுன்னு நானே மனசுக்குள்ள பார்த்துக்குவேன். மறுநாள் பள்ளிக்கூடத்துல அதைத்தான் சொல்வேன். டிவி இருக்கிற பிள்ளைங்ககூட, 'எங்க வீட்டுல இப்படி வரலையே'ன்னு என்னைச் சுத்தி உட்கார்ந்து கேப்பாங்க."

கண்ணாடிக்காரர் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. இதுவல்லவா நினைவு! வறுமை இருக்கிறது, வாளி இருக்கிறது, திரை இருக்கிறது. தம்மிடம் என்ன இருந்தது? சோபாவும் தூக்கமும். பெற்றோர் வசதியாக வளர்த்துத் தம் எதிர்காலத்தைக் கெடுத்துவிட்டதாக அவருக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது.

"நீ இதை அனுப்பப் போறியா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்கெங்க நேரம்?"

"சும்மாதான் கேட்டேன். வாளி என்ன நிறம்?"

"சிவப்பு."

"திரை?"

"பச்சை. வெள்ளைப் பூ போட்டது." அவள் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். நோயாளி எந்த இடத்தில் வலியை மறைக்கிறான் என்று பார்க்கும் பார்வை அது. "வேற ஏதாவது தெரியணுமா?"

"எனக்கெதுக்கு?"

மறுநாள் கடையில், கண் சோதிக்கும் அறையின் விளக்கை அணைத்துவிட்டுப் பதிவு செய்தார். 'அந்தப் பச்சைத் திரை விழுந்தபோது என் குழந்தைப் பருவமே இருண்டுபோனது' என்ற இடத்தில் குரல் நிஜமாகவே உடைந்தது. இருட்டில், இயந்திரத்தின்மேல் தாடையை வைத்தபடி காத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் மெல்லக் கேட்டார்.

"டாக்டர், என் கண்ணு அவ்வளவு மோசமாவா இருக்கு?"

அந்த வாரமே தொலைக்காட்சி நிலையத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. "உங்க வீட்டுக் கதையைத்தான் தேர்ந்தெடுத்திருக்கோம் சார். ரெண்டு பேரும் கட்டாயம் வரணும்." கண்ணாடிக்காரருக்கு 'தேர்ந்தெடுத்திருக்கோம்' என்பதற்கு அப்புறம் காது வேலை செய்யவில்லை. அக்காவில் ஆரம்பித்து, அவரோடு பேசுவதையே நிறுத்தியிருந்த பெரியப்பா மகன் வரைக்கும் போன் போட்டுவிட்டார். மனைவியிடம் மட்டும் பூசி மெழுகினார்.

"எல்லாம் உன்கிட்ட பேசிக்கிட்டிருந்ததுல வந்த ஒரு உந்துதல்தான்."

"சந்தோஷம்ங்க" என்றாள் அவள். முந்தின நாளே லீவு போட்டாள். நீல நிறத்தில் புது உடை வாங்கினாள். தலைமுடியையும் திருத்திக்கொண்டு வந்தாள். கூட வந்து கைதட்டப் போகிறவளுக்கு எதற்கு இத்தனை ஜோடனை என்று அவர் யோசித்திருக்கலாம். ஊரார் பார்வையைத் திருத்துகிறவருக்கு வீட்டுக்குள் கொஞ்சம் கிட்டப்பார்வை.

நிலையத்தில் ஒருங்கிணைப்பாளர் பெண் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவருடைய கையை அல்ல.

"மேடம், உங்க பதிவைக் கேட்டு நாங்க எல்லாரும் அழுதுட்டோம்!"

கண்ணாடிக்காரர் புன்னகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முகத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அதைவிட சாரோட பதிவு! 'என் கணவருக்கு இந்தக் கதைன்னா உயிர், அவரும் இதைத் தன் குரல்ல சொல்லி அனுப்புவார், கேட்டுப் பாருங்க'ன்னு நீங்க சொன்ன மாதிரியே மறுநாள் வந்துச்சு. பொண்டாட்டி பட்ட கஷ்டத்தைத் தானே பட்ட மாதிரி எந்தப் புருஷன் மேடம் இவ்வளவு உருகிச் சொல்லுவார்? சார், நீங்க தெய்வம்!"

தெய்வம் ஒன்றும் பேசவில்லை. பேசினால் திருடன், பேசாவிட்டால் தெய்வம்.

ஆள் நகர்ந்ததும் பல்லைக் கடித்தார். "நேரமில்லைன்னு சொன்னியே?"

"அப்ப இல்லை. நீங்க வாளி நிறம் கேட்டப்புறம் நேரம் கிடைச்சுது."

சரி, சோபாவில் ஓரமாகவாவது ஒட்டிக்கொள்ளலாம் என்று அவர் மனசைத் தேற்றிக்கொண்ட நேரத்தில், அரங்கத்துக்குப் பின்னால் ஒரே கூச்சல். பூசணி யானை என்பது இரண்டு ஆள் வேலை. தலையும் முன்கால்களும் ஒருவர். வயிறும் பின்கால்களும் இன்னொருவர், நிகழ்ச்சி முடிகிற வரைக்கும் குனிந்தே நிற்க வேண்டும். அந்தப் பின்கால்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"லேசாப் பிடிச்ச மாதிரி இருக்கு. அஞ்சு நிமிஷம் குடுங்க, சரியாயிடும்" என்றார்.

"நகருங்க, நான் பார்க்கிறேன்" என்று மனைவி முன்னே வந்தாள். அவரைக் குப்புறப் படுக்க வைத்து, இடுப்பில் ஓரிடத்தில் கட்டை விரலை ஊன்றினாள். அவர் அலறிய அலறலில் ஒளிப்பதிவாளர் கேமராவை விட்டுவிட்டார்.

"இவர் இன்னைக்குக் குனியவே கூடாது" என்று தீர்ப்பு வந்தது.

"ஐயையோ, பின்கால் இல்லாம யானை எப்படி வரும்?" என்று ஒருங்கிணைப்பாளர் தலையில் கை வைத்தாள்.

மனைவி மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள்.

"என் வீட்டுக்காரர் நாள் முழுக்கக் குனிஞ்சேதான் கண் பார்க்கிறார். உயரமும் சரியா இருக்கும். எனக்காக எதையும் செய்வார்."

"சார், நீங்க நிஜமாவே தெய்வம்!"

கண்ணாடிக்காரரை யானைக்குள் செருகி ஜிப்பைப் போட்டார்கள். உள்ளே இருட்டு. நாற்பது வருஷத்து வேர்வை வாசனை. கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் முன்கால்காரரின் இடுப்புதான். கையில் ஒரு கயிறு. "மேடம் பேசும்போது ஜனங்க கைதட்டினா இதை இழுங்க, வால் ஆடும்" என்று முன்னாலிருந்து உத்தரவு வந்தது. அதற்குத் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே ஓரளவு பழக்கம்.

வெளியே மனைவியின் குரல் கேட்க ஆரம்பித்தது. வாளி, ஜன்னல், பச்சைத் திரை எல்லாம் வந்தன. அப்புறம் அவருக்குச் சொல்லாதது ஒன்றும் வந்தது.

"ஒருநாள் அந்த வீட்டம்மா திரையை இழுத்தப்ப நான் வாளியோட சரிஞ்சு விழுந்துட்டேன். முழங்கை பிசகிடுச்சு. அழக்கூட முடியலை. அழுதா ஜன்னல்கிட்ட நின்னது வீட்டுக்குத் தெரிஞ்சுடும். உள்ளே பூசணி பாடிக்கிட்டிருந்துச்சு. பாட்டு முடியிற வரைக்கும் கையைப் பிடிச்சுக்கிட்டு மண்ணுலயே உட்கார்ந்து கேட்டேன். அப்புறம் கையைச் சரி பண்ணிவிட்டவங்களைப் பார்த்துத்தான், நானும் இந்த வேலைக்கு வரணும்னு நினைச்சேன். இன்னைக்குத்தான் பூசணியை நடுவுல திரை இல்லாமப் பார்க்கிறேன்."

யானையின் வயிற்றுக்குள் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். இத்தனை வருஷம் அந்த முழங்கையில் இருக்கும் வளைவைத் தினமும் பார்த்தும், ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லையே என்று அவருக்கு உறைத்தது. அந்த சோபாவில் தாம் உட்கார்ந்திருந்தால் இந்த இடத்தில் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்தார். வாளி நிறத்தைத் திரும்பவும் சொல்லியிருப்பார். கைதட்டல் எழுந்தபோது கயிற்றை இழுத்தார். இரண்டு கையாலும், மனசாரவே இழுத்தார்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தால், குனியவே கூடாத பின்கால்காரர் கீழே விழுந்த கரண்டியை ஒய்யாரமாகக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"இவருக்குத்தான் இடுப்புப் பிடிப்பா?" என்று மனைவியின் காதைக் கடித்தார் கண்ணாடிக்காரர்.

"ஏங்க, அந்த இடத்துல அப்படி அழுத்தினா யாருக்குத்தான் வலிக்காது?"

அவர் வாயைத் திறப்பதற்குள் போன் அலறியது. அக்கா. ஒலிபெருக்கியில் போட்டார்.

"டேய், குடும்பமே உட்கார்ந்து கண்ணு வலிக்கப் பார்த்தோம். உன் பொண்டாட்டி என்னமாப் பேசினா! உன்னைத்தான் கடைசி வரைக்கும் காணோம். இருந்தியா, இல்லையா?"

"இருந்தாரே அண்ணி" என்று மனைவி முந்திக்கொண்டாள். "பூசணிக்குப் பின்னணியே இவர்தான். வாலை ஆட்டினது யாருன்னு நினைச்சீங்க?"

மறுமுனையில் அக்கா பெருமூச்சு விட்டாள்.

"அதானே பார்த்தேன். நம்ம சின்ன வயசுல அந்த வால் எவ்வளவு நல்லா ஆடும்!"