பேஜர் அண்ணனின் சூப்பர் ஹிட் பாடல்கள்

மலேசியாவில், எங்கள் ஊரான குளுவாங்கில் ஒரு பொருள் வழக்கொழிந்து போக வேண்டுமென்றால் வேறொன்றும் செய்ய வேண்டாம். பேஜர் அண்ணன் அதைப் பற்றி ஒரு பாட்டு எழுதினால் போதும்.

இளவயதில் எங்கள் இசைக்குழுவுக்கு ‘ஐந்தாம் கியர்’ என்று பெயர். பாட்டு எழுதுவதும் பாடுவதும் அவர், நான் டிரம்ஸ். முதல் கேசட்டில் வந்த “பீப் பீப் என்றது பேஜர், என் நெஞ்சுக்கு நீதான் மேனேஜர்” ஜொகூர் மாநிலம் முழுக்க ஓடியது. எஸ்டேட் கோயில் திருவிழாக்களில் திரும்பத் திரும்பப் பாடச் சொல்வார்கள். அவருக்கு அதுவே பெயராகவும் ஆகிவிட்டது.

பாட்டு பிரபலமான கையோடு பேஜர் ஒழிந்தது. அண்ணன் அசரவில்லை. பொதுத் தொலைபேசியில் காதலியோடு பேசும் ஒருவனுக்காக “கார்டு தீர்ந்து போச்சு கண்ணே” என்று உருகினார். கேசட் கடைக்கு வருவதற்குள் ஊரில் எல்லோர் கையிலும் கைபேசி. “சைபர் கபே சுந்தரி” எழுதினார். சந்தையடியில் இருந்த சைபர் கபே பல் மருத்துவமனை ஆனது. கடைசியில் கேசட்டே செத்துப்போனது.

கைபேசிக் கடை பாய் அவரைக் கண்டாலே கெஞ்சுவார். “அண்ணே, ஸ்மார்ட்போன பத்தி மட்டும் எழுதிடாதீங்க லா. எம் புள்ளைங்க இன்னும் படிக்குதுங்க.”

குழுவும் கலைந்தது. கிட்டார்காரன் சிங்கப்பூர் வேலைக்குப் போனான். கீபோர்டுக்காரன் கீபோர்டை விற்றுவிட்டு உறவினர் கடையில் உட்கார்ந்தான். மிஞ்சியது நாங்கள் இருவர்தான்.

போன வருடம் என் மனைவி இறந்தாள். வேலை முடிந்து வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அப்படி இருந்த ஒரு நாள் அண்ணன் வந்து கதவைத் தட்டினார்.

“சிகாமட்ல கல்யாண விருந்து. டிரம்ஸ ஏத்து.”

“துக்க வீட்டுக்காரன் கல்யாணத்துக்கு வரலாமாண்ணே?”

“நம்ம பாட்டவிடவா அபசகுனம்? ஏறுடா காடில” என்று காரின் கதவைத் திறந்தார்.

அன்று பிடித்தவர் விடவில்லை. பிறந்தநாள், காதுகுத்து, சடங்கு என்று வாரம் தவறாமல் என்னைக் காரில் ஏற்றினார். எங்கு போனாலும் அதே பாட்டுகள். ஆனால் இப்போது பாடுவதற்கு முன் உரை விளக்கம் தேவைப்பட்டது.

“பேஜர்னா சின்ன டப்பா. இடுப்புல மாட்டிக்குவோம். யாராச்சும் கூப்பிட்டா பீப்னு கத்தும். ஒடனே ஓடிப்போயி போன் தேடணும்.”

“அங்கிள், அதுக்குப் போனையே மாட்டிக்க வேண்டியதுதானே?” என்றாள் ஒரு கல்யாணத்தில் மணமகளின் தோழி. மண்டபமே குலுங்கியது. விளக்கம் எப்போதுமே பாட்டைவிட நீளமாகப் போனது. கைதட்டலும் விளக்கத்துக்குத்தான் கிடைத்தது.

யோங் பெங்கில் நடந்த ஒரு பகல் விருந்துதான் உச்சம். இளைஞர்கள் மேடைக்கு முன்னால் கூடி “பீப் பீப்” என்று கோழி மாதிரி குதித்தார்கள். சிலர் படம் பிடித்தார்கள். அண்ணன் உச்ச ஸ்தாயிக்கு எம்பினார். காற்று மட்டும் வந்தது. ரசிகர்களைப் பாடச் சொல்வதுபோல் மைக்கை நீட்டிச் சமாளித்தார். அவர்கள் ஊளையிட்டார்கள். நான் தலையைத் தூக்காமல் அடித்துக்கொண்டிருந்தேன். பாட்டில் இருந்த பொருள் எதுவும் இன்று இல்லை. அதைக் கேட்டு ஆடியவர்களிலும் பாதிப் பேர் இல்லை. நாங்கள் எதற்கு மிச்சம் என்று நினைத்தபோது குச்சி கையைவிட்டு நழுவியது.

திரும்பும் வழியில் இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

“போதும்ண்ணே. நம்மள பாத்து சிரிக்கிறாங்க. ஒங்களுக்குப் புரியலையா?”

“புரியாம என்ன? கொரல்தான் போச்சு. காது நல்லாத்தான் கேக்குது.”

“அப்புறம் ஏன் கூப்பிட்டா ஒத்துக்கிறீங்க?”

“யாருடா கூப்பிட்டா? நான்தான் அவங்கவங்க வீட்டுக்குப் போயி கேக்கறேன்.” சாலையைப் பார்த்தபடியே சொன்னார். “அன்னைக்கு ஒன் வீட்டுக்கு வந்தப்ப டிவிகூட போடாம சுவத்த பாத்துட்டு ஒக்காந்திருந்த. ஒன்ன வெளிய இழுக்க எனக்கு வேற என்னடா தெரியும்? இந்த நாலு பாட்டுதான்.”

ஊர் வரும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது, “ஞாயித்துக்கெழம ஒரு காதுகுத்து இருக்கு. வேணாம்னா சொல்லு, விட்டுரலாம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, அவர் வருவதற்கு வெகுநேரம் முன்பே நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.